நாலு சுவர்

“அந்தா பாருங்கய்யா! கல்லும் சுண்ணாம்புமா நான் கட்டிக் கொடுத்த கட்டடம் சாத்திக் கெடக்கு. பிள்ளைகளப் பூராம் வெளிய பத்திவிட்டுட்டாரு இந்த வாத்தியாரு!”

சீனிச்சாமி போட்ட சத்தத்தில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திறங்கிய வண்டியின் மாடுகளே மிரண்டன.

வீரபாண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி சீனிச்சாமி இடமும் கொடுத்து, கட்டடமும் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆறு மாதமாக ஒரு பிள்ளைகூட அதற்குள் உட்காரவில்லை என்றால் மனுஷனுக்கு வயிறு எரியாதா? மதுரைக் கல்வி ஆபீசுக்குப் புகார் போட்டுவிட்டார்.

“வடுகபட்டி பூண்டு யாவாரி எவனுக்கோ வாடகைக்கு விட்டிருக்காருய்யா. தெறக்கச் சொல்லுங்க, தெரியும்!”

இன்ஸ்பெக்டர் வாத்தியாரை முறைத்தார். “மிஸ்டர் ஏசுதாசன், புகார் உண்மையானால் இன்றைக்கே உம்மை வேலையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் போவேன். கதவைத் திறவும்.”

ஏசுதாசனின் முகத்தில் ஈயாடவில்லை. “மொதல்ல பிள்ளைகளப் பாத்துருங்கய்யா. அப்புறம் உங்க இஷ்டம்.”

புங்க மரத்தடியில் நாலைந்து பெண் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு வரி. கோட்டை மிதித்தாலும் ஆட்டம் போச்சு, கணக்குத் தப்பினாலும் ஆட்டம் போச்சு. அந்தப் பக்கம் பையன்கள் கிட்டிப்புள் அடித்துவிட்டு, விழுந்த தூரத்தைக் கோலால் அளந்து கஜக்கணக்கில் சண்டை போட்டார்கள். பிள்ளைகள் கை கழுவிய தண்ணீர் ஒரு சின்ன ஓடையில் ஓடி, வரிசையாக நின்ற வேப்பங்கன்றுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இதெல்லாம் படிப்பா?” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் குரலில் பழைய காரம் இல்லை. பக்கத்தில் நின்ற சிறுமியைக் கூப்பிட்டார். “உன் பேரென்ன?”

“பூமாரி.”

“கம்பம் எங்கே இருக்கிறது, சொல் பார்க்கலாம்.”

“அது மேலதான் நிக்கிறீக. காலை எடுங்கய்யா!”

இன்ஸ்பெக்டர் துள்ளி விலகிக் கீழே பார்த்தார். செம்மண்ணில், பத்துக் கஜ நீளத்துக்கு, கம்பம் பள்ளத்தாக்கே படுத்துக் கிடந்தது! இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, கூழாங்கல் வைத்த ஊர்கள். பூமாரி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து குமுளி மலைக்குப் பின்னால் ஊற்றினாள்.

“இது மலையக் கொடஞ்சு வர்ற தண்ணிய்யா. இந்தா, கம்பத்துக்கு வந்துருச்சு. உத்தமபாளையம்... சின்னமனூர்... வீரபாண்டி...”

தண்ணீர் ஒவ்வோர் ஊராகத் தொட்டுக்கொண்டே நெளிந்து வந்தது. இருபது வருஷ சர்வீஸில் எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தவர் இன்ஸ்பெக்டர். சுவரில் மாட்டிய மேப்பைக் காட்டிக் கேட்டால் பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பதைத்தான் கண்டிருக்கிறார்.

“அடேயப்பா!” என்று மண்ணிலேயே குந்திவிட்டார். “இன்னொரு குடம் ஊற்றம்மா. மறுபடியும் பார்க்கணும்.”

சீனிச்சாமி விடுவாரா? “வெளையாட்டெல்லாம் சரிதாங்கய்யா, கதவு?” என்றவர், தானே போய் அதைத் தள்ளினார். “அய்யா! வெளிய பூட்டே இல்ல. உள்தாழ்ப்பாப் போட்டிருக்கு. உள்ள ஆளிருக்கு!”

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். “யார் உள்ளே?”

“சொல்ல மாட்டேங்கய்யா,” என்றார் ஏசுதாசன். “சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.”

“வேலை போய்விடும் ஐயா உமக்கு!”

“தெரியும்.” நாலு பிள்ளைக்குத் தகப்பனான ஏசுதாசன் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “எழுதிக்கங்க.”

இன்ஸ்பெக்டருக்கு மனசே இல்லை. என்ன செய்வது? பேனாவைத் திறந்தார். அதேசமயம் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

“எழுதாதீகய்யா! சத்தியம் வாங்குனது நாங்கதேன்.”

வாசலில் சிலேட்டும் கையுமாக நின்றவள் கஸ்தூரியம்மாள், சீனிச்சாமியின் சம்சாரம்! அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர், மடியில் சிலேட்டோடு. கரும்பலகைக்குப் பக்கத்தில் வாத்தியாரின் மனைவி ஞானசெல்வி.

“பிள்ளைக வெட்டவெளியில படிச்சிரும். நாலு பெத்தவளுக அனா, ஆவன்னா எழுதுறத ஊரு பாத்தாச் சிரிக்காதா? எங்களுக்குத்தேன் நாலு செவரு வேணும்னு வாத்தியாரு எடத்த விட்டுக் கொடுத்தாக. புல்லறுக்கப் போறோம்னு வீட்டுல பொய் சொல்லிட்டு வாறோம்.”

“வேற வழியில்லாமத்தான் பிள்ளைகள மரத்தடிக்குக் கூட்டிட்டு வந்தேங்கய்யா,” என்றார் ஏசுதாசன். “இப்ப உள்ள கூப்பிட்டாலும் வர மாட்டேங்குதுக.”

இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் பேனாவை மூடினார்.

சீனிச்சாமிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை; அவள் கையிலிருந்த சிலேட்டைச் சுட்டிக் காட்டினார். “நீ எழுதுனதா இது? என்ன எழுதிருக்க, வாசி பாப்போம்.”

“எல்லாத்தையும் வாசிப்பேன். இத மட்டும் என் வாயால சொல்லப்படாது.” கஸ்தூரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பூமாரி எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்: “சீ... னி... ச்சா... மி.”

அம்பது வயசுவரை கைநாட்டு வைத்தே காலம் தள்ளிய சீனிச்சாமி, தன் பெயர் பார்க்க எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.