மகாராஜா முழம்

உளியை எடுத்த கல்தச்சருக்குக் கை ஓடவில்லை.

கடைவீதி நடுவே கிடக்கும் அந்த மேடைக்கல்லில் பழைய மகாராஜாவின் முழம் இருந்தது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நேராக ஒரு கோடு. இருபது வருஷம் முன்னால் கல்தச்சரே வெட்டியது. துணி, கயிறு, மரம், மனை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு.

போன மாதம் மகாராஜா போய்ச் சேர்ந்துவிட்டார். புதிதாகப் பட்டத்துக்கு வருபவரின் கைதான் இனி முழம், பழைய கோட்டை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். சட்டமெல்லாம் சரிதான். பட்டத்துக்கு வந்த மகளுக்கு வயசு ஐந்து!

கடைவீதியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கிணற்றுக்குப் பதினைந்து முழம் கயிறு வாங்கினால் வாளி பாதியில் தொங்குமே. பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு கோடா? மந்திரி காதில் எதுவும் ஏறவில்லை.

கல்தச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அரண்மனைத் தூண் வெட்டியிருக்கிறார், ஆற்றுப் பாலம் கட்டியிருக்கிறார். அதெல்லாம் அப்புறம். அவருடைய பெருமையெல்லாம் இந்த ஒற்றைக் கோட்டில்தான். தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போவார். அவ்வளவு உயரமான ராஜாவுக்குக் கை மட்டும் ஏன் இப்படிக் கட்டை என்று துணிக்கடைக்காரன் கிண்டல் பண்ணினால் முறைப்பார்.

சின்ன ராணியைத் தூக்கி வந்து கல்லருகே நிறுத்தினார்கள். கையை நீட்டச் சொன்னார் மந்திரி.

குழந்தை கையை நீட்டவில்லை. குனிந்து, கோட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டது.

“இது எங்கப்பா கை. அழிக்கக் கூடாது.”

ராணி சொன்னால் சொன்னதுதான். இனி யார் பட்டத்துக்கு வந்தாலும் இதே முழம் என்று அங்கேயே தண்டோரா போட்டாயிற்று.

கல்தச்சர் உளியைப் பையில் போட்டார். குழந்தையிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தார். பாவம், வேண்டாம் என்று விழுங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. அவர் மனைவி துணிக்கடையில் நின்று, பேத்தி சட்டைக்கான துணியைத் தன் கையாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க கையெல்லாம் இங்க செல்லாது. கல்லுல மகாராஜா கை இருக்கு, அங்க போய் அளங்க.”

அவள் கோபப்படவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லருகே வந்தாள். கோட்டின் மேல் கையை நீட்டி வைத்தாள்.

இந்த முனையில் முழங்கை. அந்த முனையில் நடுவிரல். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

நிமிர்ந்து புருஷனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

முழம் வெட்டக் குறித்த நாளில் மகாராஜா சண்டைக்குப் போயிருந்தார். புருஷனுக்குக் கொண்டுவந்த மத்தியானச் சோற்றைக் கீழே வைத்துவிட்டு அவள் நீட்டிய கைதான் அது. திரும்பி வந்த மகாராஜாவும் அளந்து பார்க்கவில்லை.

இனி நாடே அந்தக் கையில்தான் அளக்கும்.