வெச்சா வலிக்கும்

வானம் எது, தண்ணீர் எது என்றே தெரியாத பனிமூட்டக் குளத்தில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. தவம் கிவம் எல்லாம் இல்லை. மடக்கிய காலில் தீராத வலி. மீனெல்லாம் நடுக்குளத்துக்குப் போய்விட்டன. பசி உயிரை எடுத்தது.

"நடந்து போயேன்க்கா," என்றது தவளை.

"இந்தக் காலை வெச்சா வலிக்கும்டி."

"கடைசியா எப்ப வெச்சே?"

"போன மழைக்கு முன்னால. ஆனா வெக்கிற மாதிரி தினமும் நினைச்சுப் பாப்பேன். அதுவே வலிக்கும்."

தவளை சிரிக்கவில்லை. "வலிக்கும்தான்க்கா. நானும் கூட வர்றேன்," என்று பக்கத்தில் வந்து குதித்தது.

நாரை காலை மெல்ல இறக்கியது. நன்றாகவே வலித்தது.

"பாத்தியா, பொய்யா சொன்னேன்? வலிக்குதுடி!"

"அப்புறம்?"

நாரை கண்ணை மூடியது.

"அப்புறம்... சேறு ஜில்லுனு இருக்கு," என்றபடி அடுத்த அடியை வைத்தது.