வீடியோ எடுத்தவன்

“அந்தத் தண்ணி கேன்காரனை யாரு உள்ளே விட்டது?”

செயலாளர் சூர்யநாராயணன் மைக்கை அணைக்க மறந்து கத்திவிட்டார். இரும்புலியூர் ஃபிளாட்ஸ் ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பாராட்டு விழா ஷம்சாத்துக்கு. கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். போன மழையில், மூடியில்லாத கால்வாயில் விழுந்த குழந்தையைக் குதித்துத் தூக்கினாள். உயிர் காத்த வீரத்துக்கு டெல்லியிலிருந்து பதக்கம் அறிவித்துவிட்டார்கள். நேற்றுவரை ‘ஏ டெய்லர்’ என்றவர்கள் எல்லாருக்கும் இன்றைக்கு ‘நம்ம ஷம்சாத் மேடம்’.

கேன்காரன் பாலு கதவோரம் நின்றான். “நானாத்தான் வந்தேன் சார். மழைக்கப்புறம் கேன் போடக் கூடாதுன்னுட்டீங்க. இந்த ஃபிளாட்ஸை வுட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல சார். எல்லாரும் இருக்கீங்களே, ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு...”

“குழந்தை சாகக் கிடக்குது. நீ சுவர் மேல ஏறி நின்னு வீடியோ எடுக்கறே. உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கணுமா நாங்க?”

“ஐயோ, வீடியோ எடுக்கல சார். நான் வந்து...”

“வாயை மூடு! ஃபிளாஷ் வேற போட்டு ஷூட்டிங்.”

“லைக்குக்கு அலையற ஜென்மம்” என்றாள் முன்வரிசை அனுப்பிரியா. சொல்லிவிட்டு, மேடை தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

ஷம்சாத் நாற்காலியை விட்டு எழுந்தாள். “இன்னா சார் இது? பாலு ஏன் வர்றதில்லன்னு கேட்டப்போ, அவனே நின்னுட்டான்னு சொன்னீங்க?”

“உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை மேடம். நீங்க உள்ள போராடும்போது இவன் பண்ணின காரியத்தை நீங்களே பாருங்க. ஆதாரம் வெச்சிருக்கேன்.”

தன் ஃபோனை ஹால் டிவியில் இணைத்தார்.

கரண்ட் போன சாயங்காலம். கொட்டுகிற மழை. மேலிருந்து தெரிகிற தெரு. சுவர் மேல் பாலு, கையில் ஃபோன். அதிலிருந்து ஒரு வெளிச்சம் நேராகக் கால்வாய்க்குள் இறங்குகிறது. வெளிச்சம் நகர்கிற பக்கமெல்லாம் ஷம்சாத்தின் கை தண்ணீரைத் துழாவுகிறது.

“பார்த்தீங்களா!” என்றார் செயலாளர், ஜெயித்த குரலில்.

ஷம்சாத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லைட்டு அடிச்சது யாருன்னு இத்தினி நாளா தேடிக்கினு இருந்தேன். அந்த வெளிச்சத்துலதான் சார் கொழந்தையோட முடி தெரிஞ்சுது. இல்லேன்னா அதோட நானும் போயிருப்பேன்.”

செல்ஃபி எடுத்த அனுப்பிரியா ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

ஷம்சாத் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

“சரி, அவன் லைட்டு அடிச்சான். மாடியில நின்னுகினு இதை எடுத்தது யாரு சார்?”