நாய் பார்த்த மயக்கம்

ஏரிக்காற்று மேசைத் தாளைத் தூக்குகிறது. டாக்டர் ரஸ்முசன் அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு படிக்கிறார். அலாஸ்காவின் இந்த ஏரிக்கரை ஊர்களுக்குத் தபாலும் ஆட்களும் ஏற்றிப் பறக்கும் மார்லிஸ், விமானிக்கான உடற்தகுதிச் சான்று கேட்டு நிரப்பிய படிவம். இருபத்தாறு வருடமாக அதில் நோய்ப் பட்டியல் நெடுக ‘இல்லை’தான். இன்று ‘மயக்கம்’ என்பதற்கு நேரே ‘ஆம்’ கட்டத்தில், தாளே கிழிந்துவிடும் அழுத்தத்தில், ஒரு பேனாக் குறி. “எப்ப விழுந்த?” என்கிறார். “போன வாரம். அடுப்படியில மீன் கழுவிட்டு இருந்தேன். கண்ணத் தொறந்தா தரையில கெடக்கேன்.” “யாரு பாத்தா?” “நாய்.” அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நிற்கிறது. “உன் விமானிக் கூட்டாளிங்க இத எழுத விட்டாங்களா?” “‘நாயா வந்து சாட்சி சொல்லப் போவுது’ன்னாங்க. விழுந்தது நானில்லையா?” அவள் குரலில் வீறாப்பு இல்லை, கைகள் மட்டும் தொப்பியைத் திருகுகின்றன. “இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது, மார்லிஸ். பரிசோதனை, மேலிடத்துப் பதிலுன்னு இந்தக் கோடையே போயிடும்.” “தெரியும்.” கோடைதான் அவளுக்குப் பிழைப்பு. அவர் வழக்கம்போல ஜன்னல் வழியே, ஏரித் தண்ணீரிலேயே இறங்கி நிற்கும் அவளுடைய நீல விமானத்தைத் தேடுகிறார். துறையில் தண்ணீர் மட்டும் மினுங்குகிறது. “வண்டி எங்க?” “வீட்டுப் பக்கத்துலயே கட்டிப்போட்டுட்டேன். படகுல வந்தேன்.” பறந்தால் இருபது நிமிடம், படகில் நான்கு மணி நேரம். கதவிலிருந்து நாற்காலிவரை அவளுடைய ஈர பூட்ஸ் தடம் இன்னும் காயவில்லை. டாக்டர் அதை மிதிக்காமல் சுற்றிப் போய், அவளுக்குக் காப்பி ஊற்றுகிறார்.