ஐந்து தளங்களுக்கு ஒரே பொத்தான்

ஐந்து இணையதளங்களுக்கும் ரெஜினா செய்து வைத்தது ஒரே பொத்தான்தான். ஓரிடத்தில் கை வைத்தால் ஐந்திலும் மாறும். திருமணத் தகவல் தளத்தார், "சம்மதம்னு அமுக்கினா பூ கொட்டணும்மா" என்று கேட்டார்கள். அவர்களுக்கெனத் தனியாக ஒன்று செய்யச் சோம்பல்பட்டு, அந்தப் பொதுப் பொத்தானிலேயே ரோஜா இதழ்களைக் கொட்டவிட்டாள்.

மறுநாள் காலை, உடன் வேலை பார்க்கும் முபாரக் ஓடி வந்தான்.

"அடிப்பாவி, அமரர் ஊர்தி பதிவு பண்ற தளத்திலயும் பூ கொட்டுது! ஒருத்தர் லைன்ல இருக்கார், நீயே பேசு. உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ." கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான்.

"ஐயா, என் தப்புதான். மன்னிச்சிடுங்க, இப்பவே எடுத்துடறேன்."

"ஏம்மா எடுக்கணும்?" கிழவரின் குரல் நிதானமாக இருந்தது. "எங்க வீட்டம்மாவுக்கு வண்டி சொல்லத்தான் அமுக்கினேன். பூ விழுந்துச்சு. இதுவரைக்கும் வேற யாரும் வந்து போடல."

ரெஜினா கணினியை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான். அவளுக்கு ரோஜா ஆகாது. சம்பங்கியா மாத்துவியா? இன்னொரு தரம் அமுக்கறேன். ரெண்டு வண்டி வந்தா வரட்டும்."

"கல்யாணக்காரங்களுக்கும் சம்பங்கிதான் விழும், பாத்துக்கோ" என்று முபாரக் கிசுகிசுத்தான்.

ரெஜினா இதழ்களை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் ஐயா," என்றாள், "இன்னும் அமுக்கிடாதீங்க."