கூட்டத்துக்கு முந்தின நாள்

தனியாக யோசித்தால் கடகடவென்று வரும் பதில், அலுவலகக் கூட்டத்தில் ஆளாளுக்குத் திடீரென்று கேட்கும்போது மட்டும் எங்கே ஓடி ஒளிகிறது? அவருக்குப் பிடிபடவே இல்லை. "இன்னிக்கும் வாயடைச்சுப் போச்சுன்னா வேலையை விட்டுடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

கூட்டம் தொடங்கியதும், புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எனக்கு ஆட்டிசம் இருக்கு. திடீர்னு கேட்டா மூளை பூட்டிக்கும். கேள்வியை முந்தின நாளே எழுதி அனுப்பினா டாண்ணு பதில் சொல்லிடுவேன்."

"பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளை அவுட் பண்ணச் சொல்றியேம்மா!" என்றார் கணக்காளர். அறையே சிரித்தது. மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

கணக்காளர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க, மேனேஜர் சார்!"

அவருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"எனக்கும் அப்படித்தான் பூட்டிக்குதும்மா. இனிமே யார் யாரைக் கேட்டாலும், கேள்வி முந்தின நாளே எழுத்துல வந்துடணும்."