கழுத்துக்கு முப்பத்தெட்டு

மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் கான்ஸ்டபிள் ஹயாத் பாஷா மஃப்டியில் உட்கார்ந்திருந்தார். எமர்ஜென்சி நேரம். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இன்னா ஏசுபாதம், செங்கல்பட்டு இன்ஸ்பெக்டர் வேல இன்னா ஆச்சு?”

“இன்னிக்கு முடிச்சுடுவேன் அண்ணாத்த. மேல பத்தொம்பது, கீழ பத்தொம்பது, முப்பத்தெட்டு குண்டும் பையில கீது. கழுத்துல எறக்கவேண்டியதுதான்.”

“கழுத்துலயேவா?”

“அங்கதான் ரொம்ப ஆட்டம். இனிமே ஆடாது.”

செங்கல்பட்டில் பஸ் நின்றதும் ஏசுபாதத்தின் காலரைப் பிடித்த பாஷா, ஸ்டேஷனுக்குள் போய்த்தான் விட்டார்.

“ஐயா, உங்க உசுருக்கே உலை வைக்கப் பாத்தான். பை நெறைய குண்டு!”

இன்ஸ்பெக்டர் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு கிரீஸ் டப்பா விழுந்தது. கூடவே விழுந்த பொட்டலம் பிரிந்து, பட்டாணி அளவு இரும்புக் குண்டுகள் நாலா பக்கமும் உருண்டன.

“உங்க மோட்டார் சைக்கிளுக்கு, ஹேண்டில் பார் கழுத்துல போடற பால்ரஸ் குண்டு சார்” என்றான் மெக்கானிக் ஏசுபாதம் நிதானமாக. “பட்டறையில வண்டி தலை வேற, ஒடம்பு வேறயா கெடக்குது.”

இன்ஸ்பெக்டர் குண்டுகளைப் பொறுக்கி எண்ணினார். முப்பத்தேழுதான் இருந்தது.

“யோவ் பாஷா, என் கழுத்த அப்புறம் காப்பாத்தலாம். மொதல்ல உன் கழுத்த காப்பாத்திக்க. மேசைக்கடியில குனிஞ்சு தேடு!”